ஆங்கிலத் தொடர்கள்: எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன

‘ஆன் தி டேபிள்’, ‘மை எல்டர் சிஸ்டர்’, ‘ஹேஸ் பீன் ஸ்லீப்பிங்’. இந்த மூன்றும் ஆங்கிலத்தில் ஃப்ரேஸ் எனப்படுபவை, தமிழில் தொடர். ஒவ்வொன்றிலும் பல சொற்கள் இருக்கின்றன. ஆனால் வாக்கியத்துக்குள் போனதும் அவை ஒரே சொல்லைப் போலச் சேர்ந்து வேலை செய்கின்றன. தனியாக நின்றால் எதுவும் முழுச் செய்தி சொல்வதில்லை. ஒருவர் ‘ஆன் தி டேபிள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், மேசை மேல் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ‘தி புக் இஸ் ஆன் தி டேபிள்’ என்றதும் அந்தக் கேள்வி அடங்கிவிடுகிறது.

தொடரைத் துணைவாக்கியத்தோடு குழப்பிக்கொள்வது எளிது. ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்பது தொடர். ‘ஆஃப்டர் வி ஏட் லஞ்ச்’ என்பது துணைவாக்கியம். இரண்டாவதில் ‘வி’ என்ற எழுவாய் இருக்கிறது, சாப்பிட்டது எப்போது என்று காலம் காட்டும் ‘ஏட்’ என்ற வினையும் இருக்கிறது. முதலாவதில் இரண்டும் இல்லை. யார் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு சொற்கூட்டத்திடம் கேட்டால் போதும். அதற்குள்ளேயே இரண்டுக்கும் விடை கிடைத்தால் அது தொடர் அல்ல.

பல பாடநூல்கள் இந்தப் பாடத்தைத் தொடர்களின் வகைப்பெயர்களில் தொடங்குகின்றன. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது தலைகீழான வரிசை. பெயர்களை மனப்பாடம் செய்த குழந்தை தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடும். ஆனால் நீண்ட வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, இதில் எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று கேட்டால் திணறும். முதலில் பழக வேண்டியது தொடரின் எல்லை. வகைப்பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லையைக் கண்டுபிடிக்கும் வழிகள்

‘தி லிட்டில் கேர்ல் வித் தி ரெட் பேக் லாஸ்ட் ஹர் பென்சில்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்புப் பை வைத்திருக்கும் சின்னப் பெண் தன் பென்சிலைத் தொலைத்துவிட்டாள். ‘ஹூ லாஸ்ட் ஹர் பென்சில்?’ என்று கேட்டால், விடை ‘தி லிட்டில் கேர்ல் வித் தி ரெட் பேக்’ என்று ஒரே மூச்சில் வருகிறது. ‘கேர்ல் வித்’ என்றோ ‘வித் தி’ என்றோ யாரும் விடை சொல்வதில்லை. ஒரு கேள்விக்கு விடையாக வெட்டுப்படாமல் வந்து நிற்கும் துண்டு ஒரு தொடர்.

அடுத்த வழி, அந்தத் துண்டு முழுவதையும் எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரே சொல்லை வைத்துப் பார்ப்பது. ‘ஷி லாஸ்ட் ஹர் பென்சில்.’ வாக்கியம் அப்படியே நிற்கிறது. இங்கே பள்ளிக்கூடத்து வரையறை ஒன்றைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர் என்றுதான் எல்லாக் குழந்தைகளும் படிக்கிறார்கள். அது சரியென்றால் ‘கேர்ல்’ என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டு ‘தி லிட்டில் ஷி வித் தி ரெட் பேக்’ என்று சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை. ‘ஷி’ என்ற சொல் இடம்பிடிப்பது தொடர் முழுவதற்கும். குழந்தைகள் ‘மை சிஸ்டர் ஷி இஸ் எ டாக்டர்’ என்று எழுதுவதும் இதோடு தொடர்புடைய பிழைதான். ‘மை சிஸ்டர்’ என்ற தொடர் இருக்கையிலேயே அதன் இடத்துக்கு ‘ஷி’யும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நாற்காலி, இரண்டு பேர். ஒருவர் எழுந்தாக வேண்டும்.

இடம், நேரம் சொல்லும் தொடர்களுக்கு இன்னொரு வழி உண்டு: நகர்த்திப் பார்ப்பது. ‘வி பிளே கிரிக்கெட் இன் தி ஈவினிங்’ என்பதை ‘இன் தி ஈவினிங், வி பிளே கிரிக்கெட்’ என்று மாற்றலாம். மூன்று சொற்களும் சேர்ந்தே நகர்ந்தன. ‘இன்’ மட்டும் பின்னால் தங்கிவிட்டு மற்ற இரண்டும் முன்னால் போக முடியாது. எல்லாத் தொடரும் இப்படி நகராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய எடுத்துக்காட்டில் ‘வித் தி ரெட் பேக்’ தானும் ஒரு தொடர்தான். ஆனால் அது பெரிய தொடருக்குள் இருப்பதால், அதை மட்டும் பிய்த்து வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோனால் பொருள் கெடும்.

தலைச்சொல்

ஒவ்வொரு தொடரிலும் ஒரு சொல் மற்றவற்றைத் தாங்கி நிற்கிறது. இலக்கண நூல்கள் அதைத் தலைச்சொல் என்கின்றன. ‘தி லிட்டில் கேர்ல் வித் தி ரெட் பேக்’ என்பதில் தலைச்சொல் ‘கேர்ல்’. தொலைத்தது பெண், பையல்ல. தலைச்சொல்லைக் கண்டுபிடிக்கத் தெரிந்த குழந்தை பாதிப் பிழைகளிலிருந்து தப்பிவிடும்.

‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி’ என்று எழுதும் குழந்தை ஒருமை பன்மை தெரியாமல் எழுதுவதில்லை. ‘மேங்கோஸ்’ என்ற பன்மைச் சொல் வினைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காது அதைப் பிடித்துக்கொண்டு ‘ஆர்’ போடுகிறது. கனமாக இருப்பது எது? பெட்டி. தலைச்சொல் ‘பாக்ஸ்’. ஆகவே ‘இஸ்’. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்பதிலும் இதே கதைதான். நண்பர்கள் பலர், ஆனால் பேசப்படுபவர் ஒருவர். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் கமிங்’ என்று வர வேண்டும். இந்தத் தொடரில் இன்னொரு பிழையும் காத்திருக்கிறது. ‘ஒருவன்’ என்ற நினைப்பில் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று எழுதிவிடுவார்கள். பலரில் ஒருவன் என்பதால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ பன்மையில்தான் நிற்க வேண்டும்.

பெயர்த்தொடர்: இடமும் வலமும்

பெயர்ச்சொல்லைத் தலையாகக் கொண்டது பெயர்த்தொடர். தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலத்தில் மிக அதிகமாக இடிப்பது இதுதான். அதற்குக் காரணம் கடினம் அல்ல, திசை.

தமிழில் பெயருக்கு அடையாக வருபவை எல்லாம் அதற்கு முன்னால் வந்துவிடும். ‘நீலச் சட்டை போட்ட உயரமான பையன்.’ பையன் கடைசியில் வருகிறான். ஆங்கிலத்தில் அந்தப் பையன் நடுவில் நிற்கிறான்: ‘தி டால் பாய் இன் தி ப்ளூ ஷர்ட்’. உயரம் என்ற சிறிய அடை இடப்பக்கம். நீலச் சட்டை என்ற நீண்ட அடை வலப்பக்கம். ஒற்றைச் சொல்லாக வரும் அடை பெயருக்கு முன்னும், தொடராக வரும் அடை பெயருக்குப் பின்னும் நிற்பது ஆங்கிலத்தின் பொது வழக்கம். ‘இன் தி ப்ளூ ஷர்ட் பாய்’ என்று ஒரு குழந்தை சொன்னால் அது தமிழ் வரிசையில் ஆங்கிலச் சொற்களைக் கோத்திருக்கிறது என்று பொருள்.

அடுக்கு கூடும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ‘தி கீ டு தி டோர் ஆஃப் தி ரூம்.’ தமிழில் ‘அறையின் கதவின் சாவி’. ஆங்கிலம் சாவியில் தொடங்கி அறையில் முடிகிறது. தமிழ் அறையில் தொடங்கிச் சாவியில் முடிகிறது. இதைக் குழந்தையிடம் காட்ட எளிய வழி, மூன்று துண்டுக் காகிதங்களில் சாவி, கதவு, அறை ஆகியவற்றின் படங்களை வரைந்து, தமிழுக்கு ஒரு வரிசையிலும் ஆங்கிலத்துக்கு மறு வரிசையிலும் அடுக்கச் சொல்வது. விதியை வாயால் விளக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

பெயர்த்தொடரின் இடப்பக்க எல்லையைக் கண்டுகொள்வது எளிது. ‘எ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’, ‘சம்’ போன்ற சொல் வந்தால் அங்கே ஒரு பெயர்த்தொடர் தொடங்குகிறது. ‘எ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’ போன்றவற்றில் ஒன்றுதான் ஒரு தொடரின் வாசலில் நிற்கலாம். தமிழில் ‘என்னுடைய அந்தப் புத்தகம்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிவதால், குழந்தைகள் ‘மை தட் புக்’ என்கிறார்கள். ஆங்கிலம் அந்த இரண்டில் ஒன்றைப் பின்னால் தள்ளிவிடுகிறது: ‘தட் புக் ஆஃப் மைன்’. என் நண்பன் ஒருவன் என்பதும் ‘எ மை ஃப்ரெண்ட்’ ஆவதில்லை, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ ஆகிறது.

பல பெயரடைகள் சேர்ந்து வந்தால் அவற்றுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. அழகு, நல்லது போன்ற கருத்து முதலில். பிறகு அளவு, வயது, நிறம், ஊர், செய்பொருள். ‘எ பியூட்டிஃபுல் பிக் ஓல்ட் பிரவுன் லெதர் பேக்.’ இதை விதியாக மனப்பாடம் செய்ய வைப்பதில் பெரிய பயன் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று அடைகளுக்கு மேல் எழுதும் தேவை குழந்தைக்கு வருவதே அரிது. படிக்கப் படிக்கக் காது பழகிவிடும்.

இங்கிலாந்துப் பள்ளிகளில் 2014 செப்டம்பர் முதல் நடப்புக்கு வந்த தேசியப் பாடத்திட்டம் பெயர்த்தொடரைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் படிக்கும் இரண்டாம் ஆண்டிலேயே, வெறும் பெயரை எடுத்து அதை அடைகளால் விரித்து எழுதும் பயிற்சி வந்துவிடுகிறது. வாக்கியத்தின் முன்னால் நேரம், இடம் சொல்லும் தொடரை வைத்து அதன்பின் கால்புள்ளி இடும் பயிற்சி நான்காம் ஆண்டில் வருகிறது. அதற்கு அங்கே சூட்டிய கனமான பெயரை எழுத்தாளர்களும் பெற்றோரும் குறைசொன்னதுண்டு. பயிற்சியில் தவறில்லை, பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் மிரள்வதில்தான் சிக்கல்.

இடத்தையும் நேரத்தையும் சொல்பவை

‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘அண்டர்’, ‘வித்’ போன்ற ப்ரெபொசிஷன் ஒன்றும் அதன்பின் ஒரு பெயர்த்தொடரும் சேர்ந்தால் ப்ரெபொசிஷன் தொடர். தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபும் ‘மேல்’, ‘கீழ்’ போன்ற சொற்களும் பெயருக்குப் பின்னால் வந்து செய்கின்றன. மேசை மேல், ஆன் தி டேபிள். இந்தத் திசைமாற்றம் குழந்தைகளுக்கு விரைவில் பழகிவிடுகிறது. பழகாதது வேறொன்று.

தமிழில் ‘இல்’ என்ற ஒரே உருபு வீட்டில், பஸ்ஸில், காரில், சுவரில், காலையில், இரவில் என்று எங்கும் போகும். ஆங்கிலத்தில் அது ‘அட் ஹோம்’, ‘ஆன் தி பஸ்’, ‘இன் தி கார்’, ‘ஆன் தி வால்’, ‘இன் தி மார்னிங்’, ‘அட் நைட்’ என்று சிதறுகிறது. காலையில் என்றால் ‘இன்’, இரவில் என்றால் ‘அட்’. ஏன் என்று கேட்கும் குழந்தைக்கு நிறைவான விடை எதுவும் இல்லை. வழக்கம் அப்படி. ஆகவே ‘இன்’ என்றால் இது, ‘அட்’ என்றால் அது என்று சொல்வாரியாகக் கற்பிப்பதைவிட ‘அட் நைட்’ என்ற தொடரை அப்படியே ஒரே சொல்லாகக் காதில் ஏற்றுவது பலன் தரும். ‘பை டிரெயின்’ என்பதில் ‘தி’ இல்லை, ‘ஆன் தி டிரெயின்’ என்பதில் இருக்கிறது. ‘கோ டு ஸ்கூல்’ என்பதில் ‘டு’ இருக்கிறது, ‘கோ ஹோம்’ என்பதில் அதுவும் இல்லை. இவற்றையெல்லாம் தொடராகக் கற்ற குழந்தை யோசிக்காமல் சரியாகச் சொல்லும்.

ப்ரெபொசிஷன் தொடர் எதோடு ஒட்டுகிறது என்பதிலும் ஒரு சுவையான சிக்கல் உண்டு. ‘தி போலீஸ்மேன் சேஸ்ட் தி தீஃப் ஆன் எ பைசிக்கிள்.’ சைக்கிளில் போனது யார்? ‘ஆன் எ பைசிக்கிள்’ என்பது ‘தீஃப்’ என்ற பெயரோடு ஒட்டினால் திருடன் சைக்கிளில் தப்பிக்கிறான். ‘சேஸ்ட்’ என்ற வினையோடு ஒட்டினால் காவலர் சைக்கிளில் துரத்துகிறார். ஆங்கில வாக்கியம் எதையும் முடிவுசெய்யாமல் விட்டுவிடுகிறது. தமிழில் எழுதுபவர் முடிவுசெய்தே ஆக வேண்டும்: ‘சைக்கிளில் வந்த திருடனைக் காவலர் துரத்தினார்’ அல்லது ‘காவலர் சைக்கிளில் போய்த் திருடனைத் துரத்தினார்’. இரண்டு படங்களையும் வரையச் சொன்னால் குழந்தைகள் குதூகலமாக வரைவார்கள். சொற்கள் மாறாமலே தொடரின் எல்லை மாறினால் பொருள் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

வினைத்தொடர்

வினையும் அதற்குத் துணைநிற்கும் சொற்களும் சேர்ந்தது வினைத்தொடர். மொழியியலாளர்கள் செயப்படுபொருளையும் இதற்குள் சேர்ப்பதுண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த விரிவு தேவையில்லை.

‘ஹி மஸ்ட் ஹேவ் பீன் பிளேயிங்.’ தமிழில் ஒரே சொல்: விளையாடிக்கொண்டிருந்திருப்பான். அதைப் பிரித்துப் போட்டால் விளையாடி, கொண்டு, இருந்து, இருப்பான். ஆங்கிலத்தில் ‘பிளே’ கடைசியில். தமிழில் ‘விளையாடி’ முதலில். அப்படித்தான் இருக்கவேண்டும் என்ற ஊகத்தைச் சொல்லும் ‘மஸ்ட்’ ஆங்கிலத்தில் முதலில். அந்த ஊகத்தைத் தாங்கும் ‘இருப்பான்’ தமிழில் கடைசியில். கண்ணாடியில் எழுத்துத் திரும்பித் தெரிவதுபோல இரண்டு மொழிகளின் வரிசையும் எதிரெதிராக நிற்கின்றன. நீளமான ஆங்கில வினைத்தொடரைக் கண்டு பயப்படும் குழந்தைக்கு, அதைவிட நீளமான தமிழ்ச் சொல்லைத் தான் தினமும் சர்வசாதாரணமாகச் சொல்வதைக் காட்டினால் பயம் போய்விடும்.

இந்தத் தொடரில் ஒவ்வொரு துணைச்சொல்லும் தனக்கு அடுத்த சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ‘மஸ்ட்’ வந்தால் அடுத்தது ‘ஹேவ்’ என்ற மூல வடிவம். ‘ஹேவ்’ வந்தால் அடுத்தது ‘பீன்’. ‘பீன்’ வந்ததால் ‘பிளேயிங்’. ‘டிட்’ வந்தால் அடுத்தது மூல வடிவம்: ‘டிட் நாட் கோ’. குழந்தைகள் ‘டிட் நாட் வென்ட்’ என்பது, ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்ட இறந்தகாலத்தை மறுபடியும் வினையின் தலையில் ஏற்றுவது.

வினைத்தொடருக்கு இன்னொரு குணமும் உண்டு. கேள்வி கேட்டதும் அது பிளந்துவிடும். ‘ஹி இஸ் பிளேயிங்’ என்பது ‘இஸ் ஹி பிளேயிங்?’ ஆகும்போது நடுவில் எழுவாய் புகுந்துகொள்கிறது. ‘டர்ன் ஆஃப்’ போன்ற இரட்டை வினைகளும் பிளக்கும்: ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் விளக்கைப் பிரதிப்பெயரால் சொன்னால் ‘டர்ன் இட் ஆஃப்’ என்று மட்டுமே வரும்.

‘இங்’கில் முடியும் வினை

‘ஸ்விம்மிங் இன் தி ரிவர்’ என்ற தொடரை மூன்று வாக்கியங்களில் போட்டுப் பார்க்கலாம். ‘ஸ்விம்மிங் இன் தி ரிவர் இஸ் ஃபன்’ என்பதில் அது ஆற்றில் நீந்துவது என்ற பெயர். ‘தி பாய் ஸ்விம்மிங் இன் தி ரிவர் இஸ் மை பிரதர்’ என்பதில் ஆற்றில் நீந்துகிற என்ற அடை. ‘ஸ்விம்மிங் இன் தி ரிவர், தி பாய் சா எ ஸ்னேக்’ என்பதில் ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தபோது. தமிழில் தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் என்று மூன்று வடிவங்களில் பிரிவதை ஆங்கிலம் ஒரே உருவத்தால் முடித்துக்கொள்கிறது. எது என்பதை இடம்தான் சொல்லும்.

மூன்றாவது வகையில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘பள்ளிக்கு நடந்துபோகும்போது மழை பிடித்துக்கொண்டது’ என்பது நல்ல தமிழ். அதையே ‘வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் ஸ்டார்டட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் மழை பள்ளிக்கு நடந்துபோகிறது. வாக்கியத்தின் முன்னால் வரும் இந்த வகைத் தொடருக்குச் சொந்தக்காரர், அடுத்து வரும் எழுவாய்தான். ‘வைல் ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல், இட் ஸ்டார்டட் டு ரெயின்’ என்று துணைவாக்கியமாக மாற்றிவிட்டால் மழைக்குக் கால் முளைக்காது.

இரண்டு பெயரிடும் முறைகள்

வகைப்பெயர்களுக்கு வரும்போது ஆசிரியர்களும் பெற்றோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘தி புக் இஸ் ஆன் தி டேபிள்’ என்பதிலுள்ள ‘ஆன் தி டேபிள்’ ஒரு நூலில் வினையடைத் தொடர் என்றும், இன்னொரு நூலில் ப்ரெபொசிஷன் தொடர் என்றும் இருக்கும். இரண்டு நூல்களும் சரிதான். பெயரிடும் அடிப்படை வேறு.

இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறைகளாகப் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணநூல், தொடர் செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிடுகிறது. பெயரடை வேலை செய்தால் பெயரடைத் தொடர், வினையடை வேலை செய்தால் வினையடைத் தொடர், பெயரின் வேலை செய்தால் பெயர்த்தொடர். அந்த வழியில் ‘ஐ லைக் டு ஸ்விம்’ என்பதில் ‘டு ஸ்விம்’ பெயர்த்தொடர். ‘தி புக் ஆன் தி டேபிள் இஸ் மைன்’ என்பதில் ‘ஆன் தி டேபிள்’ பெயரடைத் தொடர். 1985இல் குவர்க்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பேரிலக்கணம், 2002இல் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் போன்றவை தலைச்சொல்லைப் பார்த்துப் பெயரிடுகின்றன. அந்த வழியில் ‘ஆன் தி டேபிள்’ எங்கே வந்தாலும் ஒரே பெயர்தான். அது செய்யும் வேலையைத் தனியாகச் சொல்வார்கள். ‘கேட்ஸ் ஸ்லீப்’ என்பதில் ‘கேட்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லையும் பெயர்த்தொடராகவே கொள்வார்கள்.

குழந்தை எந்தப் பாடநூலைப் படிக்கிறதோ அந்த நூலின் பெயரையே தேர்வில் எழுத வேண்டும். கற்பிப்பவர் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

வாசிப்பிலும் எழுத்திலும்

புதிதாக ஆங்கிலம் படிக்கும் குழந்தை சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்கும். ‘தி… ஓல்ட்… மேன்… வித்… தி… ஸ்டிக்…’ வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். பென்சிலால் தொடருக்குத் தொடர் ஒரு சாய்கோடு போட்டுக் கொடுத்தால் இது விரைவில் மாறும்: ‘தி ஓல்ட் மேன் / வித் தி ஸ்டிக் / வாஸ் சிட்டிங் / அண்டர் தி ட்ரீ’. நிறுத்துவதற்கு நான்கே இடங்கள். சில வாரங்களில் கோடு போடும் வேலையைக் குழந்தையிடமே விட்டுவிடலாம். தவறான இடத்தில் கோடு போட்டால், ‘வித் தி / ஸ்டிக்’ என்று வாசிக்கச் சொன்னால் அதன் காதே திருத்திக்கொள்ளும்.

எழுத்தில் இதே பயிற்சியைத் தலைகீழாகச் செய்யலாம். ‘எ டாக் பார்க்ட்’ என்ற மூன்று சொல் வாக்கியத்தைக் கொடுத்து, என்ன நாய், எங்கே, எப்போது என்று கேட்டுக்கொண்டே போனால் அது ‘லேட் அட் நைட், எ தின் பிளாக் டாக் வித் ஒன் ஒயிட் இயர் பார்க்ட் அட் தி கேட்’ என்று வளரும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தொடர் வந்து சேர்கிறது. தலைச்சொற்களான ‘டாக்’கும் ‘பார்க்ட்’டும் அசையவில்லை. முன்னால் வந்த ‘லேட் அட் நைட்’ என்பதற்குப் பின் ஒரு கால்புள்ளி. ‘அட் நைட்’ போலக் குறுகிய தொடராக இருந்தால் கால்புள்ளியை விட்டுவிடுவதும் உண்டு. நீண்ட தொடருக்குப் பின் அதைப் போடுவதே நல்லது. அதே தொடர் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் பொதுவாகக் கால்புள்ளி தேவையில்லை.